லுலாஷின் தலை சிகரெட்டை விட்ட கதை

லுலாஷ் சிகரெட்டை விட்டு நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. ஆனால் விட வேண்டும் என்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை. நாற்பது வருடமாக நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதித் தள்ளியவனுக்கு அப்படியொரு விபரீத எண்ணம் எங்கிருந்து வரும்? விட்டது அவனுடைய தலை. அவன் பாவம், கூட இருந்த குற்றத்துக்காக அனுபவிக்கிறான்.

இத்தாலிக்கு எதிர்க்கரை நாட்டில், எங்கள் ஷ்கோதர் நகரில் தேவாலயத்துக்குப் பின்னால் இலவச மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். மேல்மலைக்கும் நகரத்துக்கும் வேன் ஓட்டுகிற லுலாஷை, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று அவன் மனைவி மிரிக்கா அங்கே இழுத்துப் போனாள். இத்தாலியிலிருந்து வந்த டாக்டரம்மா அவன் முதுகில் கருவியை வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிடித்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்துத்தானா கேட்க வேண்டும்? "இன்னும் சிகரெட் பிடிக்கிறீர்களா?"

இத்தாலி டி.வி. பார்த்து வளர்ந்தவன், கேள்வி நன்றாகவே புரிந்தது. வாய் திறந்தால் மூச்சு போய்விடும். அதனால் தலையால் பதில் சொன்னான். எங்கள் பக்கம் 'ஆமாம்' என்றால் தலை இடமும் வலமும் ஆடும். 'இல்லை' என்றால் மேலும் கீழும் போகும். லுலாஷ் மிகவும் நேர்மையாக இடமும் வலமும் ஆட்டினான்.

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "சபாஷ்! எப்போது விட்டீர்கள்?" என்று தோளைத் தட்டினாள். தாளில் ஏதோ பெரிதாக எழுதினாள். வெளியே உட்கார்ந்திருந்த மிரிக்காவைக் கூப்பிட்டு, இப்படிப்பட்ட மன உறுதி உள்ள ஆண்பிள்ளையைப் பார்ப்பது அபூர்வம் என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். லுலாஷ் வாயைத் திறந்தான். அதற்குள் டாக்டரம்மா அவனுக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் வேறு கொடுத்துவிட்டாள். பழத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, நான் விடவில்லை அம்மா என்று எப்படிச் சொல்வது?

மிரிக்காவுக்கு எல்லாம் தெரியும். அந்தத் தலையோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவள். ஆனாலும் வீடு வந்து சேரும்வரை பொறுத்திருந்தாள். வந்ததும் அந்தத் தாளை மேஜைமேல் விரித்து உப்புச் சாடியை வைத்து அழுத்தினாள்.

"யோவ், இதுல என்ன எழுதியிருக்கு?"

"அது வந்து, நான் தலைய ஆட்டினேன், அந்தம்மா தப்பா..."

"விட்டுட்டார்னு எழுதியிருக்கு. படிச்ச பொம்பளை, கடல் தாண்டி வந்து எழுதியிருக்கா. அவளப் பொய்க்காரி ஆக்கப் போறியா? ஆரஞ்சு வேற தின்னுட்டே."

"பாதிதான் தின்னேன்."

"பெஸா குடு. இனி உதட்டுல சிகரெட்ட வைக்க மாட்டேன்னு பெஸா."

பெஸா என்பது வாக்கு. ஆனால் சும்மா வாக்கு இல்லை. எங்கள் மலையில் அதைக் கொடுத்தவன் மீறினால், அப்புறம் அவன் கொடுக்கிற 'காலை வணக்கத்தை'க்கூட யாரும் வாங்க மாட்டார்கள். லுலாஷ் தப்பிக்க ஜன்னலைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், ஆரஞ்சின் மிச்சப் பாதியைப் பார்த்தான். பிறகு கையை நீட்டிப் பெஸா கொடுத்தான். ஒரு வாரத்தில் இவளே பாவப்பட்டு விட்டுக்கொடுத்துவிடுவாள் என்பது அவன் கணக்கு. முப்பது வருடம் கூட வாழ்ந்தும் இப்படிக் கணக்குப் போட்டவனை என்ன சொல்ல?

அந்த நாற்பத்தோரு நாள் பட்ட பாட்டைக் கேட்கக் கூடாது. காபிக் கடையில் கூட்டாளிகள் அவனைப் பார்த்ததும் எழுந்து நின்று, "யார் செத்தது?" என்று துக்கம் விசாரித்தார்கள். ஒருவன் புகையை அவன் மூக்குக்கு நேராக ஊதி, "இந்தாப்பா, தர்மம்" என்றான். வேனில் 'புகைபிடிக்காதீர்' என்று எழுதி ஒட்டினான். பயணிகள் அதன்மேலேயே குச்சியை உரசிப் பற்றவைத்தார்கள். சூரியகாந்தி விதையைக் கொறித்துக் கொறித்து நாக்கு புண்ணாகிவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மாடிப்படியில் மூச்சு வாங்குவது நின்றிருந்தது. அதை அவன் மிரிக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஜெயித்த மாதிரி ஆகிவிடுமே.

இந்த நிலையில்தான் அவர்கள் மகன் டோனின், மேல்மலையில் டேடா வீட்டுப் பெண் திராண்டாவைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றான். பெண் தங்கம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். டோனினைத் தவிர வேறு யாரையும் பார்க்கமாட்டேன் என்று அவளும் சொல்லிவிட்டாள். சிக்கல் பெண்ணிடம் இல்லை, பெண்ணைப் பெற்றவரிடம்.

டேடாவுக்கு எழுபது வயது நெருங்குகிறது. தன் நிலத்துப் புகையிலையைத் தானே காயவைத்து, தானே நறுக்கி, வருகிற விருந்தாளிக்குத் தன் கையால் சுருட்டிக் கொடுப்பார். வாங்கிப் பற்றவைத்தால் உறவு. மறுத்தால், உனக்கும் எனக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அப்படி மறுத்தவர்களுக்கு அந்த வீட்டில் காபி கிடைக்காது, வாசல்தான் கிடைக்கும். அதோடு ஒரு பழைய கசப்பும் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் கொட்டுகிற மழையில் டேடா சாலையோரம் நின்று கைகாட்ட, வேனில் இடமில்லை என்று லுலாஷ் நிறுத்தாமல் போய்விட்டான். இடமில்லாதது உண்மை. ஆனால் வேனுக்குள் ஒரு ஆட்டுக்கு இடம் இருந்ததை டேடா கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண் கேட்கக் கிளம்பினார்கள். மாப்பிள்ளை கூட வரும் வழக்கமில்லை என்பதால் புருஷனும் பெண்சாதியும் மட்டும்தான். மலைப்பாதையின் முதல் வளைவிலேயே லுலாஷ் ஆரம்பித்தான்.

"மிரிக்கா, இன்னிக்கி ஒருநாள் மட்டும் பெஸாவ ஒத்தி வச்சுக்கலாமா?"

"பெஸா என்ன பல் புடுங்குறதா, ஒத்தி வைக்க?"

"அந்தக் கெழவர் நீட்டுவாரே, நான் என்னடி பண்ணுவேன்? பையன் வாழ்க்கை!"

"வாங்கிக்கோ. கையில வச்சுக்கோ. உதட்டுல வைக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"கையில வச்சுக்கிட்டு? தாலாட்டுப் பாடவா?"

"அது உன் சாமர்த்தியம். ஆட்டுக்கு எடம் குடுத்த சாமர்த்தியம் இதுக்கு இருக்காதா?"

ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் பெஸா. இரண்டில் எதை விட்டாலும் மலையில் தலைநிமிர்ந்து வண்டி ஓட்ட முடியாது.

டேடாவின் வீட்டில் அடுப்பறையும் கூடமும் ஒட்டியவை, நடுவில் கதவுகூடக் கிடையாது. டேடாவின் மனைவி லீஸா மிரிக்காவைக் கட்டிப்பிடித்து அடுப்பறைக்கு அழைத்துக்கொண்டு போனாள். திராண்டா காபிக் கோப்பையைக் கொண்டுவந்து லுலாஷ் முன்னால் வைத்துவிட்டு, கெஞ்சுகிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். பெண் கேட்டு வந்தவன் சம்மதம் கிடைக்கும்வரை காபியைத் தொடக் கூடாது. அதனால் காபி ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது.

டேடா மடியிலிருந்து டப்பாவை எடுத்தார். மெல்லிய தாளில் புகையிலையைப் பரப்பி, அவசரமே இல்லாமல் சுருட்டி, நுனியை நாக்கால் ஒட்டி, நெஞ்சில் கைவைத்து நீட்டினார்.

"எடுத்துக்க, டிரைவரே."

லுலாஷ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்பத்தோரு நாள் பட்டினி கிடந்தவன் முன்னால் விருந்து இலை போட்ட மாதிரி இருந்தது.

"ஆகா, என்ன பக்குவம்! இத உடனே பத்தவைக்க மனசு வரலண்ணே" என்று காதில் செருகிக்கொண்டான்.

"காது பிடிக்குமா? வாய்தான் பிடிக்கும். எடு" என்றார் டேடா.

எடுத்தான். விரல்களுக்கு நடுவில் உருட்டினான். மழை எப்படி என்று கேட்டான். நல்ல மழை என்றார். கேட்டிருக்கவே வேண்டாம், அந்த வீட்டில் பேசக்கூடாத ஒரே விஷயம் அதுதான். உடனே இருமினான். ஒரு முறை சிகரெட்டைக் கை தவறியது போலக் கீழே போட்டு, பெஞ்சுக்கு அடியில் குனிந்து ரொம்ப நேரம் தேடினான். டேடாவே குனிந்து எடுத்து, ஊதித் தூசு தட்டி, மறுபடி அவன் கையில் வைத்தார். வைத்துவிட்டு லைட்டரைப் பொருத்தி முன்னால் நீட்டினார்.

லுலாஷ் அசையவில்லை. சுடர் சின்னதாக ஆடிக்கொண்டிருந்தது. டேடாவின் கட்டைவிரல் சுட்டிருக்கும், அணைத்துவிட்டார்.

"அப்போ அந்த மழை இன்னும் உன் வயித்துல இருக்கு."

"ஐயோ, இல்லண்ணே! மழை உங்க வயித்துலதான... இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"என் வீட்டுப் பொகை உனக்கு வேணாம், என் வீட்டுப் பொண்ணு மட்டும் வேணுமோ?"

அடுப்பறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று. இனி மறைத்துப் பயனில்லை என்று லுலாஷுக்குத் தெரிந்தது.

"பெஸா குடுத்திருக்கேண்ணே. உதட்டுல வைக்க மாட்டேன்னு."

டேடாவின் முகம் சட்டென்று மாறியது. பெஸா என்ற சொல்லுக்கு அந்த மலையில் மதிப்பு அப்படி. லைட்டரை மரியாதையாகக் கீழே வைத்தார். "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? யாருக்குக் குடுத்த? பாதிரியாருக்கா?"

"இல்ல."

"சாகக் கெடந்தவங்க யாருக்காச்சுமா?"

"இல்லண்ணே." லுலாஷ் காபிக் கோப்பையையே பார்த்தான். ஆவி நின்றுவிட்டிருந்தது. "என் பொண்டாட்டிக்கு."

டேடா ஒரு நொடி விழித்தார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "பொண்டாட்டிக்கா! டேய், பெஸாங்கிறது ஆம்பள ஆம்பளைக்குக் குடுக்கறது. பொம்பள வாங்கினா அது பெஸாவே இல்லடா. சும்மா வீட்டுப் பேச்சு. நான் சொல்றேன், உனக்கு விடுதல. பிடி!" லைட்டர் மறுபடி எரிந்தது.

இதோ, கதவு திறந்துவிட்டது. பெரியவரே சொல்லிவிட்டார். உதட்டில் வைத்தால் பையனுக்குக் கல்யாணம், தனக்குச் சிகரெட், டேடாவுக்குச் சமாதானம். ஊரில் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். லுலாஷின் கை தானாகவே பாதி வழி மேலே போனது. அங்கேயே நின்றது. இல்லை என்று தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

"அவ கையில கைய வச்சுக் குடுத்தேண்ணே. அவளுக்குக் குடுத்தது எனக்குப் பெஸாதான்."

டேடா எழுந்துவிட்டார். "அப்போ வாசல் தெரியுமில்ல?"

அடுப்பறையில் திராண்டா விசும்பும் சத்தம் கேட்டது. மகனிடம் போய் என்ன சொல்வான்? உன் அப்பன் ஒரு சிகரெட்டுக்காக உன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டான் என்றா?

அப்போதுதான் மிரிக்கா வந்தாள். மாவு படிந்த கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு நேராக வந்து, லுலாஷின் விரலிலிருந்து சிகரெட்டை உருவினாள்.

"ஐயா, நீங்க சிகரெட்ட இந்தாளுக்குக் குடுத்தீங்களா, எங்க வீட்டுக்குக் குடுத்தீங்களா?"

டேடா தடுமாறினார். "வீட்டுக்குத்தாம்மா."

"அந்த வீடு நானுந்தான். நெருப்ப இப்படிக் காட்டுங்க."

உதட்டில் வைத்துக்கொண்டு குனிந்தாள். டேடாவின் கை அவரைக் கேட்காமலே லைட்டரை நீட்டியது. மிரிக்கா இழுத்தாள். ஒரு இருமல் இல்லை, ஒரு கமறல் இல்லை. கண்ணை மூடி நெஞ்சு நிறைய வாங்கி, இரண்டு மூக்குத் துவாரத்திலும் சீராக விட்டாள். சாம்பலைச் சுண்டுவிரலால், பார்க்காமலே, சரியாகத் தட்டிலேயே தட்டினாள். பெஞ்சில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

லுலாஷின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. முப்பது வருடத்தில் இவள் கையில் ஒரு சிகரெட்டைப் பார்த்ததில்லை. இவள் பிறந்த வீட்டில் புகையிலை பயிரிட்டார்கள் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

"போன வருஷத்து இலை" என்றாள் மிரிக்கா. "கீழ்வரிசை இலைய எடுத்துட்டு மேல்வரிசை மட்டும் போட்டிருக்கீங்க. ஆனா நெழல்ல ரெண்டு நாள் அதிகமாக் காய விட்டுட்டீங்க. தொண்டையில லேசாப் பிடிக்குது."

டேடா மெல்ல உட்கார்ந்தார். "மூணு நாள்" என்றார். "கால் சுளுக்கிப் படுத்துட்டேன். எடுத்துப் போட ஆள் இல்ல. இத்தன பேர் பிடிச்சிருக்கான், 'ஜோர், ஜோர்'ங்கறான். ஒருத்தன் கண்டுபிடிக்கலம்மா."

அதற்கப்புறம் லுலாஷ் அங்கே இருப்பதையே டேடா மறந்துவிட்டார். இலையைப் பற்றி, பனியைப் பற்றி, கம்பெனிக்காரன் வாங்கிப் போகும் குப்பையைப் பற்றி இருவரும் பேசினார்கள். மிரிக்கா விரல் சுடுகிறவரை பிடித்து, மிச்சத்தை நசுக்கி அணைத்தாள். டேடா எழுந்து நெஞ்சில் கைவைத்து, அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"சம்பந்தியம்மா, பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு. சொல்லுங்க, அந்த டிரைவரைக் காபி குடிக்கச் சொல்லுங்க."

ஆறிப்போன காபியை லுலாஷ் ஒரே வாயில் குடித்தான். அடுப்பறையில் லீஸாவும் திராண்டாவும் சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

திரும்பும்போது மூன்று வளைவு வரை அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். நாலாவது வளைவில் ஓரமாக வேனை நிறுத்தி எஞ்சினை அணைத்தான்.

"எத்தன வருஷமா?"

"டோனின் கைக்குழந்தை அப்போ. தொண்ணூத்தேழு. அரசாங்கம் கவுந்து ஊர் பூரா துப்பாக்கி. நீ எல்லைக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போய் ஒம்பது நாள் வரல. ஜன்னல்லயே உக்காந்திருந்தேன். உன் பாக்கெட்டு ஒண்ணு அங்க கெடந்துச்சு. தூங்காம இருக்கறதுக்காகப் பத்தவச்சேன்." வெளியே பார்த்தாள். "நீ வந்துட்ட. அது போகல."

"எனக்கு எப்படிடி தெரியாமப் போச்சு?"

"நீயே ஒரு பொகைக்கூண்டு. உனக்கு என் வாசம் எப்படித் தெரியும்?"

லுலாஷுக்குச் சிரிப்பு வரவில்லை. விடியற்காலையில் அவள் இருமுகிற இருமல் அவனுக்குத் தெரியும். பத்து வருடமாகக் கேட்கிறான். என் புகையைக் குடித்துத்தான் இவளுக்கு இப்படி ஆயிற்று என்று உள்ளுக்குள் குற்றவாளியாகவே இருந்திருக்கிறான். அந்தக் குற்றம் இப்போது இறங்கிவிட்டது. அது இருந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. இவள் போய்விட்டால்? நினைக்கவே முடியவில்லை.

கையை நீட்டினான். "பெஸா குடு."

"டேடா சொன்னதக் கேட்டேல்ல? பொம்பளைக்கு ஏது பெஸா?"

"அவர் கெடக்கார். எனக்கு உண்டு. குடு."

"அத்தன சுலபம் இல்லய்யா."

"சுலபம் இல்லன்னு எங்கிட்டயே சொல்றியா? நாப்பத்தோரு நாளா நாக்கு வெந்து கெடக்கேன்."

மிரிக்கா அவன் நீட்டிய கையைப் பார்த்தாள். "உங்கிட்ட ஏன் வாங்கினேன் தெரியுமா? ஏழு தடவ நான் விட்டுப் பாத்தேன், முடியல. விட்டா மனுஷன் உயிரோட இருப்பானான்னு யாரையாச்சும் வச்சுப் பாக்கணும்னு தோணுச்சு. நீதான் கைக்கு அகப்பட்ட."

"அடிப்பாவி! பரிசோதனை எலியா நான்?"

"இருக்கியே. குண்டாக்கூட ஆயிட்ட." அவன் வயிற்றைத் தட்டினாள். "இன்னிக்கி அந்தாளு விடுதலன்னு சொன்னப்போ நீ பத்தவச்சிடுவேன்னுதான் நெனச்சேன். கரண்டியக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன்."

லுலாஷ் நீட்டிய கையை மடக்கவில்லை. அவள் தன் கையை அதில் வைத்தாள், ஆண்கள் வைப்பதுபோல உள்ளங்கையோடு உள்ளங்கையாக.

"பெஸா" என்றாள்.

"பெஸா" என்றான். எங்கள் பக்கம் டிரைவர் இடப்பக்கம் உட்காருவான், கியர் போடும் வலது கை இப்போது அவளிடம் இருந்தது. எஞ்சினை இடது கையால் எட்டி முடுக்கினான். "சரி, விடு. கியர் போடணும்."

"விட மாட்டேன். இப்பவே ஒண்ணு பிடிக்கணும்னு இருக்கு."

எப்படியோ இரண்டு கையுமாகச் சேர்ந்து இரண்டாவது கியரைப் போட்டார்கள். நகரத்துக்கு இன்னும் இருபத்தெட்டு கிலோமீட்டர். மூன்றாவது கியருக்கு அவன் மாறவே இல்லை. பின்னால் ஒன்பது வண்டிகள் வரிசையாக ஊர்ந்து ஹாரன் அடித்தன, ஒருவன் தலையை வெளியே நீட்டி அவன் வம்சத்தையே திட்டினான், லுலாஷ் அது எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் இடது கையால் மட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.